ரோவனிடம் இருந்த பாஸ்வேர்டு

யோசனை ரோவனுடையதுதான். இந்த மாதிரிக் கோணல் யோசனை எல்லாம் வேறு யாருக்கு வரும்? மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் சுற்று முடிவு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என்று தெரிந்த அன்றே, டெஸ்ஸாவைப் பள்ளி நூலகத்தின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நம்ம முடிவ நாமளே பாக்க வேணாம்டி. நீ என்னோடத பாரு, நான் உன்னோடத பாக்கறேன். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்ச வாயால கேட்டுக்கலாம்."

"நடுவுல நீ திருட்டுத்தனமா உன்னோடத பாத்துட்டா?"

"அதுக்குத்தான் பாஸ்வேர்ட மாத்திடலாம். என்னோடத நீ மாத்து, எங்கிட்ட சொல்லாத. உன்னோடத நான் மாத்தறேன்."

மாற்றினார்கள். அந்த நிமிஷம் ரொம்ப வேடிக்கையாக இருந்தது. வியாழக்கிழமை இரவு டெஸ்ஸா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது வேடிக்கையாக இல்லை. தன் தலையெழுத்தைத் தூக்கி இன்னொருத்தி சட்டைப் பையில் போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மலைக்கு நடுவே, மொத்தம் நாற்பத்தோரு பேர் கடைசி வகுப்பு படிக்கிற பள்ளி அது. அங்கிருந்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருஷத்துக்கு ஒருத்தர் போனால் பெரிய விஷயம். "அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு" என்று வழிகாட்டி ஆசிரியை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். டெஸ்ஸா பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். விண்ணப்பித்தது இந்த ஓர் இடத்துக்குத்தான். கிடைக்காவிட்டால், வார இறுதியில் வேலை பார்க்கிற மலிவு விலைக் கடையிலேயே வாரம் முழுக்க நிற்கலாம் என்று மேலாளர் இப்போதே ஆசை காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆசையை நினைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்துக் கூடைப்பந்து அணிக்கு வெளியூர் ஆட்டம். இரண்டு பேரும் அணியில் இருந்தார்கள். மலைப்பாதையில் பேருந்து குலுங்கிக்கொண்டு போக, டெஸ்ஸா மடியில் இருந்த போனைப் பதினைந்தாவது முறையாகப் பார்த்தாள். கணவாய்க்குள் நுழைந்ததும் சிக்னல் செத்துப்போனது.

"அத அப்படி மொறைக்காத. பயந்து ஓடிடப் போகுது" என்றாள் ரோவன்.

"உனக்குப் பயமே இல்லையா?"

"காலைலேர்ந்து மூணு தடவ வாந்தி எடுத்தேன். அத தவிர ஒண்ணும் இல்ல."

எதிரணிப் பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. பின்சுவரில் குளிர்பான இயந்திரத்தின் பக்கம். நான்கு ஐம்பத்தைந்துக்கே இரண்டு பேரும் அங்கே போய் ஒட்டிக்கொண்டார்கள். டெஸ்ஸாவின் அப்பா டேல் அதற்கு முன்பே வந்து, பார்வையாளர் படிக்கட்டின் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே, குளிருக்காகச் சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாயின் சூடு தாங்கவில்லை. ஊரே கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தது. டேல் மட்டும் ஜாக்கெட்டின் ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று டெஸ்ஸாவுக்குத் தெரியும். காலையில் கழுத்தோரம் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு ஸ்வெட்டரை மனுஷர் முன்கூட்டியே வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முடிவு வராமல் காட்டினால் கண் பட்டுவிடும் என்று பயம், வந்த பிறகு காட்டத் தாமதமாகிவிடும் என்றும் பயம்.

"அஞ்சு" என்றாள் ரோவன். "மூணு எண்ணி ரெண்டு பேரும் திறக்கறோம். திறந்து, திரும்பி, சொல்றோம்."

டெஸ்ஸா தன் போனில் ரோவனின் பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கடிதம். முதல் வரியிலேயே 'வருந்துகிறோம்'. மார்ச்சில் இன்னொரு முறை பரிசீலிக்கிறோம் என்று தள்ளிவைத்ததுகூட இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

அப்போது டெஸ்ஸாவின் மனதில் முதலில் தோன்றியது, 'அப்படியானால் அந்த ஓர் இடம் எனக்கா?' என்பது. தோன்றிய மறுகணமே கூசிப்போனாள். மழலையர் பள்ளியிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பற்றி இப்படி ஒரு நினைப்பா? ஆனால் தோன்றிவிட்டதே, அதை யார் அழிப்பது?

நிமிர்ந்தாள். ரோவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள்.

டெஸ்ஸா முந்திக்கொண்டாள். ரோவனின் தோளில் கை வைத்து, "நெட் வரலடி. சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள்.

ரோவனின் வாய் மூடியது. ஒரு நொடி. இரண்டு நொடி.

"எனக்கும் வரல" என்றாள்.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கோச் ராட்லிஃப் துணிப்பையோடு வந்து நின்றார். ஆட்டத்துக்கு முன் போன்களைப் பறித்துக்கொள்வது அவர் வழக்கம். "போடுங்க, போடுங்க. உங்க காதலனுங்க ரெண்டு மணி நேரம் உயிரோடதான் இருப்பானுங்க."

டெஸ்ஸா போனைப் பைக்குள் போட்டாள். ரோவன் முடிவைப் பார்த்துவிட்டாள். நல்ல செய்தியாக இருந்தால் கூடமே இடிந்து விழுகிற மாதிரி கத்தியிருப்பாள். பரீட்சையில் டெஸ்ஸாவுக்கு நல்ல மதிப்பெண் வந்தாலே மேசை மேல் ஏறி ஆடுகிறவள். நெட் வரவில்லையாம். ஆக, தனக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் இல்லை.

ஆனாலும் அந்த இரண்டு நொடி உறுத்தியது. கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவளும் கேட்பாள், இவளும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தைத் தன் வாயால் எப்படிச் சொல்வது? ஆட்டம் முடியட்டும் என்று மென்று விழுங்கினாள்.

படிக்கட்டிலிருந்து அப்பா புருவத்தை உயர்த்தினார். 'இன்னும் இல்லை' என்று டெஸ்ஸா கையை ஆட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்று அவர்கள் ஆடியதை ஆட்டம் என்று சொன்னால் பந்துக்கே கோபம் வரும். ரோவன்தான் பந்தைக் கொண்டுவந்து பங்கிட்டுக் கொடுப்பவள். வழக்கமாக டெஸ்ஸாவின் கைக்கு வந்து உட்காருகிற பந்து, அன்று நெஞ்சில் வந்து இடித்தது. கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒருமுறை விரல் மடங்கி வலி உயிர் போனது.

"மெதுவா குடுடி!"

"பிடிக்கத் தெரிஞ்சா பிடி."

இடைவேளையில் கோச் இரண்டு பேரையும் சுவரோரம் நிற்க வைத்தார். "என்ன சண்ட உங்களுக்குள்ள?"

"சண்ட எல்லாம் இல்ல கோச்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

"சண்ட இல்லாமத்தான் ஒருத்திய ஒருத்தி கொல்லப் பாக்கறீங்களா? போங்க, தண்ணி குடிங்க."

தண்ணீர்க் குழாயில் டெஸ்ஸா குனிந்தபோது பக்கத்தில் ரோவன் நின்றாள். கேட்டுவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. ரோவனின் கண்ணோரம் சிவந்திருந்தது. ஐயோ, எனக்காக அழுதிருக்கிறாள் என்று நினைத்ததும் கேள்வி தொண்டைக்குள் போய்விட்டது. அதன்பின் பாதி ஆட்டத்தை டெஸ்ஸா ஆடினாளா, நின்றாளா என்று அவளுக்கே தெரியாது. மனம் முழுக்க அந்த மலிவு விலைக் கடையில் வேலைக்குப் போடுகிற நீல மேலங்கிதான். ஒன்பது புள்ளியில் தோற்றார்கள்.

போன் கைக்கு வந்ததும் மற்றவர்கள் நாச்சோஸ் சிப்ஸ் வாங்க ஓடினார்கள். ரோவன் குளிர்பான இயந்திரத்தின் பக்கம் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். டெஸ்ஸாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள் ரோவன்.

"என்னத்த?"

"எனக்குக் கிடைக்கலன்னு."

டெஸ்ஸா குனிந்து ஷூ நாடாவை இழுத்தாள்.

"நெட் வரலன்னு சொல்லிட்டு என் தோளத் தொட்ட. பொறந்ததுலேர்ந்து என்னைக்குடி நீ என் தோளத் தொட்டிருக்க? அடிப்ப, கிள்ளுவ."

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்... மன்னிச்சுக்கடி. நீ மட்டும் என்ன? உனக்கும் நெட் வரல இல்ல? சரி விடு. எனக்கும் கிடைக்கல, அதானே? ரெண்டு பேரும் ஒண்ணா இங்கயே கெடப்போம்."

ரோவன் திரும்பி அவளை முறைத்தாள். "கழுத. உனக்குக் கிடைச்சிருச்சு."

டெஸ்ஸாவின் காதில் விழுந்தது, உள்ளே போக வழி தெரியாமல் நின்றது.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கத்தறதுக்கு மூச்செல்லாம் இழுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீ தோளத் தொட்டுட்ட." ரோவன் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தாள். "அப்புறம் வரல. வயிறு எரிஞ்சுதுடி. பொய் சொல்ல மாட்டேன். நல்லா எரிஞ்சுது. பந்த உன் மூஞ்சிக்கே எறியலாம்னு பாத்தேன்."

"எறிஞ்சதான்." டெஸ்ஸா வீங்கிய விரலைக் காட்டினாள். பிறகு, சொல்லாமல் விட்டால் நாளைக்கு வீங்கும் என்று தோன்றியதால் சொல்லிவிட்டாள். "உன்னோடத பாத்ததும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அந்த ஒரு எடம் எனக்குத்தானோன்னு."

"தெரியும். நானா இருந்தாலும் அதத்தான் நெனச்சிருப்பேன்."

"பாஸ்வேர்டு என்ன?"

"உன் நாய் பேரு. ரெண்டு தடவ."

"பிஸ்கட்டா? அத நானே ஊகிச்சிருப்பேனே!"

"மாத்தின அன்னைலேர்ந்தே ஊகிச்சிருக்கலாம். நீதான் போட்டுப் பாக்கலையே."

டெஸ்ஸா போட்டுப் பார்த்தாள். இருந்தது. தன் பெயர், அதன் கீழே வாழ்த்து. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரோவனும் அழுதாள், ஆனால் அது வேறு அழுகை. அந்த வித்தியாசம் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

டேல் படியிறங்கி வந்து நாலடி தள்ளி நின்றார். முகமெல்லாம் வியர்வை. எது என்று தெரியாமல் திருதிருவென விழித்தார். டெஸ்ஸா போனைத் திருப்பிக் காட்டினாள். அவர் படித்தார், உதட்டசைத்து இன்னொரு முறை படித்தார். கை தானாக ஜிப்புக்குப் போனது. கழுத்தில் ஆரஞ்சு தெரிந்தது.

அப்புறம்தான் அவர் கண் ரோவன் மேல் விழுந்தது. "உனக்கு என்னம்மா ஆச்சு?"

ரோவன் இல்லை என்று தலையாட்டினாள்.

டேல் ஜிப்பை மறுபடியும் தாடைவரை இழுத்துவிட்டார்.

ரோவன் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ்டர் டேல், மூணு மணி நேரமா வெந்துக்கிட்டு இருக்கீங்க" என்று சொல்லி, ஜிப்பைப் பிடித்துக் கீழ்வரை இழுத்தாள்.