இடப்பக்க முடிச்சு

தன் சீட் தைக்கும் கடையில், பழுதுக்கு வந்த டாக்சியின் முன் சீட் உறையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

நைலான் கயிற்று முடிச்சு. வெட்டி விட்ட வால்நுனி இடப்பக்கம்!

"அண்ணே, இந்த சீட்டை யார் தைச்சது?"

கடை வாசலில் டீ உறிஞ்சிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பினார். "ஏன் தங்கச்சி, அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"யாருண்ணே?"

"மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. போன மாசம் புது வண்டி எடுத்த கையோட தைக்கக் கொடுத்தேன். நேத்து ஒரு மகராசன் ரம்பத்தோட ஏறி உக்காந்து கிழிச்சிட்டான்."

போன மாசம். புது வண்டி. அவள் தம்பி காணாமல் போய் மூன்று வருஷம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், "குளிச்சிட்டு வரேன்க்கா" என்று போனவன். குளியலறையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பு கிடந்தது. ஆள்தான் இல்லை. சண்டை இல்லை, காதல் இல்லை, ஒன்றும் இல்லை. போலீஸும் தேடித் தேடி ஓய்ந்துவிட்டது. இன்று அவன் அறையை வாடகைக்குப் பார்க்க ஆள் வருகிறது. காலையில் அவள் கத்தித் தீர்த்தபோது அப்பா சொன்னது ஒன்றுதான்: "இல்லாதவனுக்கு எதுக்கும்மா ரூம்?"

இல்லாதவனா? அப்படியானால் இந்த முடிச்சு?

சீட் கட்ட அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தே பழகினான். கண்ணாடியில் தெரிவதுபோல் அவள் முடிச்சின் வலம் அவனுக்கு இடமாகிவிட்டது. அப்பா எத்தனை திட்டியும் அந்தத் தப்பு போகவே இல்லை.

"வண்டிய எடுங்கண்ணே!"

"சீட்டு பாதியில கிடக்கே! பின்னாடி ஏறும்மா, ஸ்பிரிங் குத்தும்."

"குத்தட்டும். ஓட்டுங்க!"

விஷயத்தைக் கேட்டதும் டிரைவருக்கு அவளைவிடப் பரபரப்பு. மேம்பாலமே அதிரப் பறந்தார். சிக்னலில் நின்றபோது போனைக் காதில் வைத்தார். "முதலாளி, உங்க கடையில என் சீட்டைத் தைச்ச பையனோட அக்கா கிடைச்சிட்டாங்க! வந்துட்டே இருக்கோம், ஆளைப் பிடிச்சு வைங்க!"

அவள் பதறினாள். "ஐயோ! ஏண்ணே சொன்னீங்க? ஓடிட்டான்னா?"

"நல்ல சேதிதானேம்மா..."

பச்சை விழுந்தது.

வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். கடைக்குள் தையல் மெஷினின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. ஊசி பாதித் தையலில் குத்தி நின்றது. ஸ்டூல் காலி.

போனிலிருந்த படத்தைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இவனேதான்! தாடிய மட்டும் சேர்த்துக்கங்க. வாயத் திறக்க மாட்டான், நாங்க 'தொரை'ன்னு கூப்பிடுவோம். அக்கா வர்றாங்கடான்னேன், சிரிச்சான்மா! டீ சொல்லிட்டுத் திரும்புறேன், ஆளக் காணோம்."

பின்கதவு திறந்திருந்தது. சந்தின் இரு முனைக்கும் ஓடிப் பார்த்தாள். ஒரு முனையில் சுவர். மறுமுனையில் சந்தைக் கூட்டம். எத்தனையோ தலைகள்; எதுவும் அவனுடையது இல்லை. மூச்சிரைக்கத் திரும்பியபோது கதவோரம் அது கண்ணில் பட்டது. ஒரு ஜோடி செருப்பு.

"இப்பவும் வெறுங்கால்தானாடா, கழுதை!"

அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. எதற்கு ஓடினான்? யாருக்குப் பயந்து? சிரித்துவிட்டு ஏன் ஓட வேண்டும்?

மெஷினருகே ஒரு சீட் அரைகுறையாகக் கிடந்தது. ஒரு பக்கம் கட்டியாகிவிட்டது, வால் இடப்பக்கம். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மறுபக்கக் கயிற்றை இழுத்துத் தன் முடிச்சைப் போட்டாள். வால் வலப்பக்கம். திரும்பி வந்தால் அவனுக்குப் புரியும்.

"இது இப்படியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ரூமைக் கொடுத்துட்டீங்களா?"

"இப்பத்தான் வந்து பாத்துட்டிருக்கார். ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

"போன மாசம் கட்டின சீட்டுப்பா. முடிச்சு இடப்பக்கம். போட்டோ காட்டினேன், கடைக்காரர் அவனேதாங்கறார்!"

மறுமுனையில் அப்பாவின் குரல் கேட்டது. அவளிடம் பேசவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். ரூம்ல ஆள் இருக்கான்."