இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணிக்கு வேண்டியிருந்தது தூக்கம் ஒன்றுதான். கிடைத்ததோ நம்பர் குத்திய ஒரு மஞ்சள் பனியன்.

பனியன்கூட அவளுடையது இல்லை, நாத்தனாருடையது. நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த 'விசில்' என்ற பட்டப்பெயர் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புற்றுநோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வர ஒரு வேன் வாங்குவதற்காக ஐந்து கிலோமீட்டர் நடை ஒன்று ஏற்பாடாகியிருந்தது. விசில் அதற்கு மூன்று மாதம் முன்பே பெயர் கொடுத்துவிட்டாள். மார்பில் கட்டி என்று தெரிந்து சிகிச்சை ஆரம்பித்த புதிது அது, உடம்பில் தெம்பு மிச்சமிருந்தது. ஆறாவது கீமோ முடிந்து பதினோரு நாளாகியும் இப்போது அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

"அண்ணி, எனக்குப் பதிலா நீங்க போய் நடங்க."

"நானா? அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடக்கவே எனக்குக் கால் வர மாட்டேங்குது."

"பேரக் குடுத்துட்டு வராம இருந்து எனக்குப் பழக்கமில்ல. என் நம்பர் அங்க இருக்கணும். அவ்ளோதான்."

விசில் ஊதினால் ஊதினதுதான். அண்ணி பனியனை மாட்டிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு ரொட்டிக்கடையில். விடியுமுன் போய் மாவு பிசைய வேண்டும். மத்தியானம் வீடு திரும்பினால் வாந்தி வாளி, மாத்திரை, மாற்ற வேண்டிய போர்வை. புதன்கிழமை ஆஸ்பத்திரி என்றால் அன்றைக்கு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. அவள் புருஷன் கெட்டவன் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தான். ஆனால், "எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது" என்று முதல் தடவை சொன்னதோடு நழுவியவன், ஆறு தடவையும் நழுவிவிட்டான். கிடங்கில் கூடுதல் வேலை இருக்கிறது என்பான். இருக்கவும் செய்தது.

மைதானத்தில் ஒலிபெருக்கி காதைப் பிய்த்தது. மேடையில் ஒருத்தி எல்லாரையும் கை தூக்கச் சொன்னாள், குதிக்கச் சொன்னாள். அண்ணி கையை மட்டும் பாதி தூக்கினாள். முதல் கிலோமீட்டர் கூட்டமே தள்ளிக்கொண்டு போனது. இரண்டாவதில் கூட்டம் குறைந்தது, பூங்கா ஓரமாக ஒரு பெஞ்சு வந்தது. மரநிழல், யாரும் இல்லை. ஒரே ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தாள்.

கண் விழித்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. மேலே யாருடைய சால்வையோ கிடந்தது. தொண்டர் தொப்பி போட்ட பருமனான ஒரு பெண், பனியன் நம்பரைக் கையிலிருந்த நோயாளிகள் பட்டியலில் சரிபார்த்தபடி எதிரே குந்தியிருந்தாள்.

"எத்தனாவது கீமோம்மா?"

"ஆறு," என்றாள் அண்ணி.

மருந்துக்கடைக்காரர், நர்ஸ், அக்கம்பக்கத்தார் என்று யார் கேட்டாலும் பதினோரு நாளாக அவள் சொல்லிவந்த பதில் அதுதான். தூக்கக் கலக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கில்லை, என் நாத்தனாருக்கு என்று உடனே திருத்தியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண் அவளுடைய செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை மடியில் எடுத்து வைத்து அமுக்க ஆரம்பித்திருந்தாள். "ஐயோ, எப்படி வீங்கியிருக்கு பாருங்க! இந்த உடம்ப வெச்சுக்கிட்டு நடக்க வந்தீங்களே!"

அந்தக் கட்டைவிரல் குதிகாலில் இறங்கிய சுகத்தில் அண்ணி சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். குடித்தாள். ஒரு சின்ன வண்டியில் ஏற்றி முடிவுக்கோட்டுக்குக் கூட்டிப்போனார்கள். போய் இறங்கியதும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. கழுத்தில் மெடல் விழுந்தது. கூசிப்போய் அவள் அழுதாள். அதைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வீட்டில் விசில் தலையணையில் சாய்ந்து காத்திருந்தாள்.

"எவ்ளோ நிமிஷத்துல முடிச்சீங்க?"

அண்ணிக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. பெஞ்சிலிருந்து கைதட்டல்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விசில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் வியாதிய வெச்சு மெடல் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"தப்புதான்மா."

"வலி எனக்கு. கைதட்டல் உங்களுக்கா?"

அண்ணி பனியனைக் கழற்றி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். சுவர்ப்பக்கமிருந்தே குரல் வந்தது.

"எவ்ளோ நேரம் தூங்குனீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"தெருவோரத்துல? பெஞ்சுல?"

"ம்."

"கால் அமுக்குனாங்களே, நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா," என்றாள் அண்ணி. "சத்தியமா, அவ்ளோ நல்லா இருந்துச்சு."

விசில் திரும்பினாள். வாயெல்லாம் புண், சிரிக்கப் பார்த்து முகம் சுளித்தாள். "மெடலத் திருப்பிக் குடுத்துருங்க. அண்ணனக் கூப்பிடுங்க."

அவன் துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"இந்த புதன்கிழமை நீதான் என்னக் கூட்டிட்டுப் போற."

"எனக்கு அந்த வாசனை..."

"மூக்கப் பொத்திக்க."

மறுநாள் வேலை முடிந்ததும் அண்ணி மெடலை எடுத்துக்கொண்டு நடை நடத்தியவர்களின் அலுவலகத்துக்குப் போனாள். அந்தப் பருமனான பெண் அங்கே இல்லை. மேஜையில் இருந்தவருக்கு அவள் சொன்னதில் பாதி விளங்கவில்லை. "பரவாயில்லம்மா, நீங்களே வெச்சுக்குங்க" என்றார். அவள் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை ரொட்டிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தாள். போன் நாலு முறை அடித்தது. ஃபைல் எந்தப் பையில், எந்த மாடி, கையெழுத்து யார் போடணும், சாப்பிட என்ன வாங்கித் தரலாம். ஐந்தாவது முறை வரவில்லை. விசில் அவன் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அண்ணி தூங்கினாள். கனவுகூட வரவில்லை.

சாயங்காலம் இருவரும் திரும்பினார்கள். விசிலைப் படுக்க வைத்துவிட்டு வந்தவன் செருப்பைக் கழற்றாமலே தரையில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"அவ கைல நரம்பே கிடைக்கல. மூணு எடத்துல குத்துனாங்க. கத்தக்கூட இல்ல."

"கத்த மாட்டா."

"ஆறு தடவ எப்படி நீ அங்க உக்காந்திருந்த?"

"உக்காந்திருந்தேன். வேற என்ன செய்ய?"

"இரு, டீ நான் போடறேன்" என்றான். ஆனால் எழவில்லை. அவளும் எழவில்லை. உள்ளே விசில் இருமினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தரையில் கையை ஊன்றினார்கள். அவன் முந்திக்கொண்டான்.