பன்னிரண்டு இலக்கத்தில் ஒன்று

பஸ் ஓட்டும் தங்கைக்கும் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் அக்காவுக்கும் பதினான்கு மாதங்களாகப் பேச்சு இல்லை. காரணம் அப்பாவின் கண். அப்பா அக்கா வீட்டில் இருக்கிறார். அவருடைய கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியது தங்கை. தனக்கு லீவு கிடைக்கிற வாரமாகப் பார்த்து வாங்கிவிட்டு, அக்காவுக்கு முந்தின நாள்தான் சொன்னாள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே, நாலு பேர் பார்க்க, அக்கா கேட்டாள்: "மாசத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவ, கூடவே இருக்கறவளுக்கு முந்தின நாள் தகவல் சொல்லுவியா?"

"அப்பா உனக்கு மட்டும்தான் அப்பாவா?" என்றாள் தங்கை.

அதோடு சரி. கண் நன்றாக வந்துவிட்டது. அப்பா இப்போது பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம் வரை படிக்கிறார். வாய்தான் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. அதன் பிறகு தங்கை அப்பாவைப் பார்க்க வந்ததெல்லாம் அக்கா டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மழைக் காலையில், டிப்போவில் வண்டியை விட்டு இறங்கும்போது தங்கைக்குப் படி வழுக்கியது. வலது கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு டிரிப் அடித்தவள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நாலாம் நாள், ஜன்னலுக்கு வெளியே கேட்கும் கியர் சத்தத்தை வைத்தே எந்த பஸ்ஸை யார் ஓட்டிப் போகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் கணவன் ஏசி மெக்கானிக். அவனுக்குப் பயம் வந்துவிட்டது. டிவிக்குக் கீழே இருந்த தன் கேம் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"உனக்குன்னு தனியா ஒரு கணக்கு திறந்து குடுத்துட்டேன். இதுல ஆடு. என் கணக்குக்குள்ள மட்டும் போயிடாதே. என் ஃபிரண்ட்ஸ் லிஸ்ட்ல எதையாவது தட்டி எவனையாவது தூக்கிட்டேன்னா, அவன் என்னை வேலையிடத்துல உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்."

தோட்டம் போடும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. ஆளுக்கு ஒரு வீடு, முன்னால் கொஞ்சம் நிலம். விதைக்கலாம், தண்ணீர் விடலாம், பட்டியலில் சேர்த்த நண்பர்களின் தோட்டத்துக்குப் போய் வரலாம், வாசலில் இருக்கும் பெட்டியில் கடிதம் போடலாம். அவளுடைய நண்பர் பட்டியல் காலியாக இருந்தது.

அந்த வாரம் அக்கா மகள் நலம் விசாரிக்க போன் செய்தாள். பேச்சுவாக்கில் விளையாட்டின் பெயர் வந்தது.

"சித்தி! அம்மாவும் அதைத்தான் ஆடுறாங்க. டியூட்டி முடிஞ்சு வந்ததும் மூணு மணிக்கு உக்காந்தா, அஞ்சு மணி வரைக்கும் அசைய மாட்டாங்க. நண்பர் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. ஆனா நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க."

பன்னிரண்டு இலக்கம். பக்கத்தில் காகிதம் இல்லை. கணவனின் மார்க்கர் பேனாதான் கைக்கு எட்டியது. தங்கை குனிந்து மாவுக்கட்டின் மேலேயே எழுதிக்கொண்டாள்.

அதைப் பார்த்துத் தட்டிவிட்டு, நட்புக் கோரிக்கையை அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. பட்டியலில் ஒரு பூனைப் படம், 'பூனை' என்று பெயர், பக்கத்தில், ஆள் இப்போது விளையாட்டில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி. அக்கா எப்போதும் பூனை வளர்ப்பவள். சந்தேகத்துக்கே இடமில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் பூனை இவள் தோட்டத்துக்கு வந்து, ஒன்றும் எழுதாமல், வாடிக் கிடந்த செடிகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டுவிட்டுப் போனது. தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கடிதப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'அக்கா, தேதி விஷயத்துல நான் செஞ்சது தப்பு. உன்கிட்ட முதல்லயே கேட்டிருக்கணும். கூடவே இருந்து பாத்துக்கறது நீதான். மன்னிச்சுக்கோ.'

அடுத்த நாள் வாசலில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. விளையாட்டில் அது விளைய எட்டு நாள் ஆகும். தங்கை அழவில்லை, மூக்கை மட்டும் இரண்டு தடவை சிந்திக்கொண்டாள்.

அதன்பின் தினமும் எழுதினாள். கால் அரிப்பைப் பற்றி, கணவனின் குறட்டையைப் பற்றி, மறுபடி வண்டி ஓட்ட முடியுமோ முடியாதோ என்ற பயத்தைப் பற்றி. வண்டிப் பயத்தைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை. அக்கா ஒரு வரி கூடப் பதில் எழுதவில்லை, பூக்களை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு மனசு இறங்கிவிட்டது, வீம்பு இன்னும் இறங்கவில்லை என்று தங்கை எடுத்துக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. அக்கா வேலை செய்யும் அதே மருத்துவமனைதான். தங்கை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், ஊன்றுகோலோடு மருந்துக் கவுன்டர் வரிசையில் நின்றாள். முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அக்கா தலை நிமிர்ந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"சீட்டு?"

"சீட்டெல்லாம் இல்ல. பூசணிக்காய்க்குத் தேங்க்ஸ் சொல்ல வந்தேன்."

"எந்தப் பூசணிக்காய்?"

"நடிக்காதேக்கா. வாசல்ல வச்சியே. பூவும்தான்."

"யாரு வாசல்ல? வலி மாத்திரை அதிகமாப் போட்டுக்கிட்டியா?" அக்காவின் குரல் இறங்கியது. "இங்க பாரு. நீ என்னைச் சேக்கப் போறேன்னு பொண்ணு சொன்னா. அஞ்சு வாரமா தினம் திறந்து பாக்கறேன். ஒண்ணும் வரல. சரி, ஆசைப்பட்டுட்டு அப்புறம் மனசு மாறிட்டா, அவ எப்பவும் இப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப அந்தப் பூனை யாரு?"

"எந்தப் பூனை? எந்த நம்பரைப் போட்டே நீ?"

தங்கை காலைக் காட்டினாள். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அழுக்கேறிய மாவுக்கட்டில் விரலை வைத்து, டாக்டர் கிறுக்கலைப் படிக்கிற மாதிரி படித்தாள். ஒன்பதாவது இலக்கத்தில் விரல் நின்றது.

"இது ஒண்ணு. இதை நீ என்னன்னு தட்டினே?"

"ஏழு."

"நீ எழுதினதை உனக்கே படிக்கத் தெரியல. பஸ்ஸுல ரூட் நம்பரையாவது சரியாப் பாத்து ஓட்டுறியா?"

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அக்கா திட்டிய முதல் திட்டு அது. தங்கைக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஆனால் தன் கடிதங்கள் எல்லாம் முன்பின் தெரியாத யாரிடமோ போயிருக்கின்றன என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது.

அக்கா அரை மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு கட்டுப் பிரிக்கும் அறைக்குக் கூடவே வந்தாள். நடையில் கேட்டாள்: "அப்படி என்னதான் எழுதினே அந்த ஆளுக்கு?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"அவங்ககிட்ட கேட்டது எனக்குச் செல்லாது."

தட்டி அனுப்பும்போது சுலபமாக இருந்தது, ஆளை வைத்துக்கொண்டு வாயில் வரமாட்டேன் என்றது. கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெட்டும் மெஷின் காது கிழிய இரைந்தது. இந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்தது.

"தப்பு என்னுதுதான்க்கா!"

"என்ன? கேக்கல!"

"தப்பு என்னுது! உன்னைக் கேக்காம தேதி வாங்கியிருக்கக் கூடாது! மன்னிச்சுக்கோ!"

பாதி வாக்கியத்திலேயே மெஷின் நின்றுவிட்டது. மீதி அறை முழுக்க எதிரொலித்தது. கட்டு வெட்டுபவர் கையில் மெஷினோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கட்டிலில் கை முறிந்து படுத்திருந்த ஒருவர், "மன்னிச்சுடுங்கம்மா, பாவம்," என்றார்.

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்: "நானும் நாலு பேர் முன்னால அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

மெலிந்து, தோல் உரிந்து வெளியே வந்த காலை இரண்டு பேரும் பார்த்தார்கள். "சகிக்கல," என்றாள் அக்கா. கைப்பையிலிருந்து களிம்பை எடுத்து அவளே தடவிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கை முதலில் அக்காவைச் சரியான எண்ணில் சேர்த்தாள். பிறகு பூனையின் பெயருக்கு மேல் போய் நின்றாள். 'நண்பரை நீக்கு' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டதும், நிச்சயமாகவா என்று திரை கேட்டது.

"தூக்கிடு. யாருன்னே தெரியாது," என்றான் கணவன்.

"யாருன்னு தெரியாமலே, எட்டு நாள் வளத்த பூசணிக்காயைக் குடுத்திருக்காங்க," என்று அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். கடிதம் எழுதினாள்: 'உங்களை என் அக்கான்னு நினைச்சுட்டேன். எண்ணைத் தப்பாத் தட்டிட்டேன். எழுதினதை எல்லாம் மறந்துடுங்க.'

இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. பூனையிடமிருந்து வந்த முதல் கடிதம்.

'நான் ஒரு பல் டாக்டர்கிட்ட வரவேற்பு மேசையில வேலை பாக்கறேன். இப்ப பிரசவ லீவு. அந்நேரம் யார் கோரிக்கை அனுப்பியிருந்தாலும் ஏத்துக்கிட்டிருப்பேன், வீடு அவ்வளவு அமைதி. உங்க முதல் கடிதத்துலயே ஆள் மாறிப்போச்சுன்னு புரிஞ்சுது. சொல்லியிருக்கணும். ஒரு கையில எப்பவும் குழந்தை. இன்னொரு கையால தண்ணி விட முடிஞ்சுது, பூப்பறிக்க முடிஞ்சுது, இவ்வளவு எழுத முடியல. அது முழுக்க உண்மை இல்ல. சொன்னா அடுத்த கடிதம் வராதேன்னும் இருந்துச்சு. நீங்க திரும்ப வண்டி ஓட்டுவீங்க.'

தங்கை இதைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரி வந்ததும் அக்கா கேட்டாள்: "வண்டி ஓட்ட முடியாதுன்னு பயந்தியா? என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்டன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

அக்கா பிசியோதெரபிக்குத் தன் மருத்துவமனையிலேயே காலை எட்டு மணிக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "உன்னைக் கேட்டுட்டுத்தான் வாங்குவேன். எட்டு மணி சரியா?" என்று அழுத்தமாகக் கேட்டாள். சரி என்றாள் தங்கை.

விளையாட்டில் அக்காவோடு தோட்டம் போடுவது அவ்வளவு சுகமாக இல்லை. வந்த முதல் நாளே, பாத்தி கோணலாக இருக்கிறது என்று வெங்காயத்தை எல்லாம் பிடுங்கி நேராக நட்டாள். இரண்டாம் நாள் வேலியை மாற்றினாள். தங்கை போனை எடுத்து, "இது என் வீட்டுத் தோட்டம்," என்றாள். "அதான் இப்படி இருக்கு," என்றாள் அக்கா. இருபது நிமிடம் சண்டை. பிறகு அப்பா போனை வாங்கி, தானும் பார்க்க வேண்டும், எல்லாருமாக இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். போனார்கள். அக்கா வீட்டில் இருக்கும் நேரத்தில் தங்கை அந்த வீட்டுக்குள் நுழைந்தது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

பத்தாவது வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் டிரிப்பில் ஒவ்வொரு பிரேக்குக்கும் கணுக்கால் சுரீர் என்றது. மூன்றாவது டிரிப்பில் அதை மறந்துவிட்டாள். பூனையும் லீவு முடிந்து வேலைக்குப் போயிருக்க வேண்டும். மூன்று மணிக்கு அந்தப் பச்சைப் புள்ளி எரிவது நின்றுவிட்டது. தங்கை விடுமுறை நாட்களில் அந்தத் தோட்டத்துக்குப் போய், காய்ந்து கிடக்கும் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறாள். கடிதம் எதுவும் வைப்பதில்லை.