அதேயோவின் இருமல்

அதேயோ வனெல்லியை அடக்கம் செய்த மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, அவனுடைய இருமல் வழக்கம்போல் வீடு வந்து சேர்ந்தது. முதலில் தெருப்படியில் கேட்டது. பிறகு கதவருகில் கேட்டது. அதன்பின் அடுப்பையொட்டிக் கிடந்த நாற்காலியில் அமர்ந்து, மூன்று குட்டை இருமலும் ஒரு நெட்டை இருமலும், முடிவில் மன்னிப்புக் கேட்பது போன்ற ஒரு கனைப்புமாகத் தன் வேலையை முடித்துக்கொண்டது. பளிங்குக் குவாரியில் வாழ்நாளெல்லாம் தூளைச் சுவாசித்தவனுக்கு நுரையீரலே கல்லாகிவிடும் என்பது கொல்தெர்னா ஊரில் அனைவரும் அறிந்த செய்தி. ஆதலால், மனிதன் போனபின் இருமல் தங்கிவிட்டதைக் குறித்து எவரும் பெரிதாக வியக்கவில்லை. "அந்த ஆளு செத்தும் நேரம் தவறலை பாரு," என்று எதிர்ச்சாரி ரொட்டிக்கடை ஓரெஸ்தே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டான். அவனோடு வாழ்ந்த இதேயா மட்டும் அன்று இரண்டு கிண்ணங்களில் சூப்பை ஊற்றி, ஒன்றைத் திரும்பச் சட்டியில் கவிழ்த்தாள்.

கடவுளற்றவன் என்று பொருள்படும் அதேயோ என்னும் பெயரை அவனுக்கு இட்டவர் அவன் தந்தை. முதலாளி, பாதிரியார், அரசாங்கம் ஆகிய மூவரும் வேண்டா என்று வாழ்ந்த குவாரிக்காரர் அவர். அவ்வழியில் வளர்ந்தவர்கள் கொல்தெர்னாவில் தேவாலயத்துக்குச் சென்று மணமுடிப்பதில்லை. பதிவாளர் முன்னிலையிலும் நிற்பதில்லை. போர் முடிந்த இரண்டாம் ஆண்டு, மே தினத்தன்று, அதேயோவும் இதேயாவும் வெட்டியெடுத்த ஒரு பளிங்குப் பாளத்தின்மேல் ஏறி நின்று, "இன்று முதல் நாங்கள் சேர்ந்து வாழ்வோம்," என்று தோழர்கள் கேட்க அறிவித்தார்கள். பன்றிக் கொழுப்பும் ரொட்டியும் திராட்சை மதுவும் பரிமாறப்பட்டன. ஊரே சாட்சியாக இருந்தது. தாளில்தான் ஒன்றும் இருக்கவில்லை. அதேயோவின் தாய் ஜெசுவீனா ஒருத்தி மட்டும் அன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை உருட்டினாள். மகனை அவள் ஒருநாளும் அப்பெயரால் அழைத்ததில்லை. தம்பி என்றே அழைத்தாள். இதேயாவை மருமகள் என்றும் அழைத்ததில்லை. "அந்தப் பொண்ணு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆயினும் அவளுக்கு விறகும் மாவும் வாடகையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகன் வீட்டிலிருந்தே சென்றன. பெரும்பாலும் அவற்றைச் சுமந்து சென்றவள் அந்தப் பொண்ணுதான்.

தூள்நோயால் இறந்த குவாரிக்காரர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு என்பதால், இதேயா பேருந்தேறிக் கீழே நகரத்து அலுவலகத்துக்குச் சென்றாள். சாளரத்துக்கு அப்பால் இருந்த எழுத்தர் இளைஞர், பொறுமைசாலி.

"சட்டத்துல மனைவின்னு இருக்கும்மா. கூட வாழ்ந்தவங்கன்னு ஒரு சொல்லே இல்ல. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கை என்ன வலிக்கவா போகுது?"

"கை வலிக்காது தம்பி. முதுகுதான் வளையும்."

எழுத்தர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொரு வழியைச் சொன்னார். இறந்தவனுக்குத் தாய் இருந்தால் அவளுக்குத் தொகை கிடைக்கக்கூடும். ஆனால் அவன் மணமாகாதவனாகவும், தாயோடு ஒரே வீட்டில் வசித்தவனாகவும், அவளைக் காப்பாற்றி வந்தவனாகவும் இருந்திருக்க வேண்டும்.

"முதல் விஷயத்தை நீங்களே சொல்லிட்டீங்க. மூணாவது நிஜம்," என்றாள் இதேயா. "நடுவுல உள்ளதுதான் இடிக்குது."

பேருந்து மலையேறும்போது அவள் தன்னைப்பற்றி எண்ணவில்லை. அவளுக்குக் கையும் காலும் இருந்தன. குவாரிக்காரர்களின் துணியை வெளுத்தாவது பிழைத்துக்கொள்வாள். எண்பதை நெருங்கும் ஜெசுவீனாவுக்கோ அவ்வாண்டுக் குளிர்காலத்தைக் கடக்க வேறு வழியே இல்லை.

கிழவி கேட்டவுடன் மறுத்தாள். "பொய் சொல்லி வாங்குற ரொட்டி தொண்டையில இறங்குமா? அவன் உன்கூடத்தான் இருந்தான். ஊருக்கே தெரியும். எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்."

"பிடிக்காததை இல்லேன்னு சொல்லப்போறீங்க, ஜெசுவீனாம்மா. இத்தனை வருஷமா அதைத்தானே சொன்னீங்க?"

கிழவி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "அப்ப சொன்னது வேற," என்றாள். "அப்ப அவன் இருந்தான்."

ஆயினும் விண்ணப்பம் சென்றது. ஒரு மாலைப்பொழுதில் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதிலும் வந்தது. தெரு குறுகியது, தாய் வீட்டுக்கும் இதேயா வீட்டுக்கும் இடையே நான்கே வாசல்கள். ஐந்து மணிக்கு இருமல் எந்த வீட்டில் கேட்கிறது என்பதைச் செவியுள்ள எவரும் அறிந்துகொள்வர். இதேயா முதலில் அவனுடைய தலையணையைக் கிழவி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள், இருமல் அசையவில்லை. மேற்சட்டையையும் தொப்பியையும் கொண்டுசென்றாள், பயனில்லை. நாற்காலியையே தூக்கிச் சென்றாள். இருமல் நின்றுகொண்டே இருமியது. ஆய்வாளர் வரவேண்டிய நாளின் பிற்பகலில்தான் அவளுக்கு ஒன்று தோன்றிற்று. அவர்கள் சண்டையிட்டபோதெல்லாம் அவள் இறுதியாக வீசிய சொல் ஒன்று உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அதேயோ சிரித்துவிட்டு, ரொட்டியை எடுத்துப் பிட்டுத் தின்பான். ஒருமுறையும் கேட்டு நடந்ததில்லை. மணி ஐந்தாகி, இருமல் படியேறி உள்ளே வந்ததும், அவள் ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு, சினமே இல்லாமல் அதைச் சொன்னாள்.

"உங்கம்மா வீட்டுக்கே போயிடு."

இருமல் சற்று நின்றது. பிறகு ஒரு கனைப்பு. படியிறங்கி, நான்கு வாசல்களைக் கடந்து, அது தாய் வீட்டுக்குள் நுழைந்ததைத் தெருவே கேட்டது. ஓரெஸ்தே கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆய்வாளர் ஈரக் குடையை மடக்கிக்கொண்டு வந்து அமர்ந்தபோது, இதேயா அங்கே காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா அது இருமறது?"

"என் மகன்," என்றாள் ஜெசுவீனா.

"அவர்தான் இறந்துட்டாரே?"

"ஆமா. அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க."

ஆய்வாளர் தலையசைத்து, இறந்தவர் தாயுடன் வசித்துவந்தார் என்று எழுதிக்கொண்டார். பின்னர் பேனா முனையால் இதேயாவைச் சுட்டி, "இவங்க?" என்று கேட்டார். கிழவியின் உதடுகள் திறந்தன. முப்பது ஆண்டுகள் வாராத அச்சொல் அப்போது நாவின் நுனிவரை வந்துவிட்டது என்பதை அருகில் நின்ற இதேயா கண்டாள். அவள் காப்பிக் கோப்பையைச் சற்று ஓசைபட மேசைமீது வைத்தாள். கிழவி எச்சிலை விழுங்கினாள்.

"பக்கத்து வீட்டுக்காரி," என்றாள்.

தொகை அனுமதிக்கப்பட்டது. ஆய்வாளர் தெருமுனை திரும்பியதும் இதேயா நாற்காலியருகே சென்று, "வா, நம்ம வீட்டுக்குப் போலாம்," என்றாள். இருமல் இருந்த இடத்திலேயே இருமியது. மறுநாளும் கூப்பிட்டாள், கிறிஸ்துமஸ் அன்றும் கூப்பிட்டாள். உயிரோடு இருந்தவரை கேளாதவன், இறந்தபின் கேட்ட ஒரே சொல், 'உங்கம்மா வீட்டுக்கே போயிடு' என்பதாகப் போயிற்று. "நான் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கிழவியும் முயன்றாள்: "தம்பி, உன் வீட்டுக்குப் போப்பா. மருமக கூப்பிடுறா." இதேயா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினாள். இருமல் போகவில்லை. ஆண்டுதோறும் ஆய்வாளர் வந்தார். ஆண்டுதோறும் பக்கத்து வீட்டுக்காரி காப்பி கலந்தாள். அவர் சென்றபின் கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டும்வரை விடமாட்டாள்.

ஏழாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜெசுவீனா உறக்கத்திலேயே இறந்தாள். உரிமையுடைய பெற்றோர் எவரும் எஞ்சாமையால் உதவித்தொகை நின்றது. கிழவியின் சொற்ப உடைமைகள் ஜெனோவாவிலிருந்து வந்த அவள் உடன்பிறந்தவரின் மகனைச் சேர்ந்தன. வீட்டை உரிமையாளர் வெள்ளையடித்து, இருமல் உள்ளது என்று முன்கூட்டியே தெரிவித்து, வாடகையில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்து, குவாரியில் லாரி ஓட்டும் ஓர் இளைஞனுக்கும் அவன் துணைவிக்கும் விட்டார். அவர்களும் பதிவு செய்துகொள்ளாதவர்களே. முதல் வாரம் அவர்களுக்குச் சற்றுத் தொல்லையாக இருந்தது, பின்னர் பழகிவிட்டது. ஐந்தடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில், மழையானாலும் பனியானாலும், அந்தப் பெண் தெருப்பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவைப்பாள். வெளியே வெளுத்த துணிக் கூடையோடு இதேயா நிற்பாள். மூன்று குட்டை, ஒரு நெட்டை, ஒரு கனைப்பு. முடிந்ததும், "தண்ணி குடி," என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நான்கு வாசல் தாண்டிச் செல்வாள். உள்ளே அந்தப் பெண் ஒரு தம்ளர் தண்ணீரை அடுப்போரம் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவாள்.