கரும்புக்காட்டுத் தாயத்து

இருக்காது, உலகத்தில் இரண்டு தங்கக் குமிழ்கள் ஒரே மாதிரி இருக்கக் கூடாதா என்ன... லம்துவன் அருங்காட்சியகத்தின் அந்தப் புதுக் கண்ணாடிப் பெட்டியை மூன்றாம் முறையாகத் துடைத்தாள், துடைக்க ஒன்றுமில்லை, உள்ளே மஞ்சள் கயிற்றில் கோத்த இரண்டு குமிழ்கள், சீருடைச் சட்டைக்குள் அவள் நெஞ்சில் தொங்குவதும் அதேதான், கயிற்றுக்குப் பதில் வெள்ளிச் சங்கிலி. சீட்டுக் கொடுக்கும் பென்ஸ்ரீக்கு வாய் சும்மா இருக்காது. “கண்ணாடியத் தேய்ச்சு ஓட்டை போடப் போறியாக்கா?” என்றபடி வந்து அட்டையை உரக்கப் படித்தாள். “தாலி. ஜப்பான்காரன் ரயில்பாதை போட மலாயாவிலேர்ந்து நம்ம தாய்லாந்துக்குப் பிடிச்சிட்டு வந்த தமிழ்க் கூலிங்க பொண்டாட்டிங்களோடது. கல்யாணத்துல புருஷன் கட்டுறதாம், அவன் உயிரோட இருக்கிறவரைக்கும் கழட்ட மாட்டாங்களாம். அடேயப்பா, நானா இருந்தா என்னிக்கோ வித்துத் தின்னிருப்பேன்!” லம்துவன் சிரித்து வைத்தாள், சிரிப்பு வரவில்லை.

தன் கழுத்திலிருப்பது கரும்புக்காட்டை உழும்போது கிடைத்தது என்றுதானே அப்பா சொன்னார்... கூடவே எலும்பும் வந்தது என்று அம்மா ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள், அப்பா முறைத்தார், பேச்சு அதோடு நின்றது. எலும்பை மண்ணிலேயே தள்ளி மூடிவிட்டுத் தங்கத்தை மட்டும் விகாரைக்கு எடுத்துப்போனார், பிக்கு தாயத்தாக ஓதிக் கொடுத்தார், பத்து வயதில் இவள் கழுத்தில் ஏறியது. நாற்பது வருடமாகத் தினமும் காலையில் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, காப்பாற்று, காப்பாற்று என்று... மகன் வொராவுத் பைக்கோடு பாலத்திலிருந்து விழுந்தானே, அன்று இதைத்தான் அவன் கழுத்தில் போட்டு அனுப்பியிருந்தாள், ஒரு கீறலோடு எழுந்து வந்தான், அது பொய்யா? பொய்யில்லை. அப்படியானால் மண்ணில் எலும்பாகக் கிடந்த அந்தப் பெண்ணை மட்டும் ஏன் அது காப்பாற்றவில்லை, கழற்றாமல்தானே புதைந்தாள், காய்ச்சலோ, வாந்திபேதியோ, புருஷன் அப்போது எங்கே மண் சுமந்துகொண்டிருந்தான்... மேலாளர் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, பத்தடி தூரம், போய்க் கழற்றி வைத்துவிடலாம், துணி மறுபடியும் கண்ணாடிக்கே போனது... கைபேசி அடித்தது.

“அம்மா, வியாழக்கிழமை ஃப்ளைட்டு. தாயத்த எடுத்து வெச்சியா? அது இல்லாம தைவான் வேலைக்குப் போக மாட்டேன், சொல்லிட்டேன்.”

“கழுத்துலதான்டா இருக்கு” என்றாள், தர்றேன் என்பது வாய்வரை வந்து நின்றது. இத்தனை வருடம் கும்பிட்டது ஒரு பெண்ணை என்பது அப்போதுதான் உறைத்தது, காப்பாற்று என்று ஓயாமல் நச்சரித்தோமே, ஒருநாளாவது நீ யார் என்று கேட்டோமா... மகனுக்குக் கொடுக்கலாம், பெட்டியில் வைக்கலாம், அதை அவளிடமல்லவா கேட்க வேண்டும், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?