கடைசி நேரக் கையெழுத்து

பெரியவர் தன் முதல் தேர்தலில் மனு வாங்கி முடிக்கிற கடைசி நேரத்தில் மனு கொடுத்து ஜெயித்தார். அதிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதுவே ராசி. ஆற்றங்கரைத் தெரு ஆள் ஒருவர் முன்மொழிவதும் ராசி. பெரியவருக்கு அந்தத் தெருப் பெண் ஒருத்தியின் தாத்தா கைநாட்டு வைத்தார். பெரியவர் மகனுக்கு அவள் அப்பா வைத்தார். பதிலுக்குத் தெரு கேட்டது ஒரு பாலம்.

பாலம் வந்தது, ஆனால் அதற்கு வழி பெரியவர் வீட்டு அரிசி ஆலைக்குள். அந்த வருஷ வெள்ளத்தில் பிரசவ வலியோடு அவள் அம்மாவைப் பாலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலை கேட்டைத் திறக்கவில்லை. இரண்டு உயிர் போயிற்று.

இந்த முறை பேரன் நிற்கிறார், சின்னவர். அப்பாவுக்கு மூட்டுவலி என்பதால் மகளைக் கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கிய பெண் கையெழுத்துப் போட்டால் படம் எடுப்பாக இருக்குமாம். அவள் மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். அதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை.

தேர்தல் அதிகாரியின் அறையில் சின்னவர், அவருடைய வக்கீல், மைத்துனர், அவள்.

"என்ன டிகிரி, பேனா இருக்கா? இல்ல உங்கப்பா மாதிரி மை வேணுமா?" மைத்துனர் சிரித்தார்.

"இருக்குங்க." பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "போட மாட்டேன்."

"வெளையாடாத. நேரம் ஆகுது."

"அது தெரிஞ்சுதான் வந்தேன்."

வக்கீல் மனுவைப் பிடுங்கினார். "சார், நான் முன்மொழியறேன்."

"உங்க ஓட்டு எங்க இருக்கு?" என்றார் அதிகாரி.

"தலைநகரத்துல."

"இந்தத் தொகுதி வாக்காளர்தான் முன்மொழியணும்."

மைத்துனருக்கும் தலைநகரம். சின்னவருக்கும் அங்கேதான். மூன்று தலைமுறையாகத் தொகுதியைக் கட்டி ஆண்டவர்கள் வீட்டில் தொகுதியில் ஓட்டுள்ள ஆள் கிடையாது. இதுவரை தேவைப்படவில்லை. மைத்துனர் ஆள் பிடிக்க வாசலுக்கு ஓடினார். கொடியோடு கூட்டம் வெளியே நின்றது. காவலர் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

சின்னவர் குரல் இறங்கிவிட்டது. "என்னம்மா வேணும்? பாலம்தானே? நான் கட்டித் தர்றேன்."

"எங்கப்பாவும் உங்க ஆலை கேட்டுல நின்னு இப்படித்தான் கெஞ்சினாரு. தெறக்கலையே."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து மேசையைப் பூட்டினார்.

வீட்டில் அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"இல்லப்பா."

அவர் தன் கட்டைவிரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.