கொளஞ்சியின் இனிஷியல்

எறையூர்க் கொளஞ்சி, தன் மகன் பூமாலை ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடப் போடக் குள்ளமானார். எழுபத்தொன்பதாம் வருஷத்தில், ஊர்ச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தில் இது தொடங்கியது. அந்த வருஷம் மழை அளவாகப் பெய்து கரும்பு நல்ல விளைச்சல். சிறுவாச்சூர்க் காளி கோயிலுக்குக் கூட்டமும் அதிகம்.

பூமாலை அந்தக் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஆலையில் கரும்பு வண்டிகளை நிறுக்கும் எடைமேடையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வண்டிக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு கையெழுத்து. முதலில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து, அதன் காலடியில் ஒரு புள்ளி, அப்புறம் பூமாலை. அந்தக் ‘கே’தான் கொளஞ்சி. அப்பன் பெயர் பிள்ளை பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி நிற்பது நம் பக்கத்து வழக்கம். எல்லா அப்பன்மாரும் அப்படித்தான் நின்றார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொளஞ்சி மட்டும் பொங்கலுக்குள் ஒரு கணு குறைந்திருந்தார்.

கணு என்றது கரும்புக் கணுவை. அவர் கரும்பு வெட்டுகிறவர், எதையும் அதை வைத்துத்தான் அளப்பார். மருமகள் பொன்னாயிதான் முதலில் பார்த்தது. மாமாவின் வேட்டி வாசலைக் கூட்டிக்கொண்டு போகிறது, இனித் துடைப்பம் வேண்டாம் என்றாள். ஆலை நின்ற மழை மாதங்களில் அவர் அப்படியே இருந்தார். அரவை தொடங்கியதும் மறுபடி குறைந்தார். மீசை, காது, முழங்காலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பு எல்லாம் ஒரே கணக்கில் சிறுத்தன. பெரம்பலூர் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது பருவத்தின் முடிவில் கொளஞ்சி மகனின் இடுப்புக்கு வந்துவிட்டார். வேலைக்கு அது குறையாக இல்லை. கரும்பில் இனிப்பு அடித்தூரில் இருக்கிறது, அதை மண்ணோடு ஒட்ட வெட்ட வேண்டும். மற்றவர்கள் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள், கொளஞ்சி நின்றபடியே வெட்டினார். அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கரும்புக்காரர்கள் ஆள்மேல் ஆள் விட்டார்கள்.

பூமாலைக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெரம்பலூரில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்த பாலசுந்தரத்திடம் போய்ச் சொன்னான். அவர் வியக்கவில்லை, ஆபீஸ் நடைமுறைச் சந்தேகம் போலக் கேட்டுக்கொண்டார். ஆங்கிலத்தில் எதைச் சுருக்குவதானாலும் முதலில் ஒரு தடவை முழுசாக எழுதிவிட வேண்டும், அதுதான் முறை, உன் அப்பா பெயரை யாராவது எங்காவது ஆங்கிலத்தில் முழுசாக எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார். பூமாலை யோசித்துப் பார்த்தான். நிலம் இல்லாததால் பத்திரம் இல்லை. ரேஷன் கார்டு தமிழில். பள்ளியில் சேர்த்த அன்றைக்கே வெறும் ‘கே’தான்.

“அப்ப அந்த எழுத்துக்குப் பின்னால ஒண்ணுமே இல்லையே தம்பி” என்றார் பாலசுந்தரம். “அது எங்கேருந்து எடுத்துக்கும்? ஆளுகிட்டேருந்துதான் எடுத்துக்கும்.”

அன்றைக்கே கொளஞ்சியின் பெயரை முழுசாகத் தாள் தாளாக அடித்துப் பார்த்தார்கள். பிந்தி எழுதியது செல்லவில்லை, அவர் குறைவது நிற்கவில்லை. பூமாலை இனிஷியலை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தான். ஆலையில் இன்னொரு பூமாலை இருந்தார். இரண்டு பேர் சீட்டும் கலந்து, கரும்பு வண்டிகள் பெரிய ரோடு வரைக்கும் நின்றன. எழுத்தோடு போடு, இல்லாவிட்டால் போடாதே என்று அதிகாரி சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடுவது என்று பூமாலை முடிவு செய்தான். “அப்பாவக் கரைச்சு ஒரு உத்தியோகமா” என்று பொன்னாயியிடம் சொன்னான். அடுப்படியில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியின் காதில் அது விழுந்தது.

மறுநாள் காலையில் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். நேராகச் சர்க்கரை மூட்டை நிறுக்கும் தராசிடம் போனார். ஆலை கட்டியபோது அங்கே அவர் கல் சுமந்தவர். புதுத் தராசைச் சரிபார்க்க ஆட்களை ஏற்றி நிறுத்திய அன்றைக்கு அவர் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தார். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். தராசுக்கார தர்மராஜிடம் தன்னைத் தூக்கி ஏற்றச் சொன்னார். பிள்ளையைத் தூக்குவது போல தர்மராஜ் அக்குளில் கை கொடுத்தான். தூக்க முடியவில்லை. மூச்சுப் பிடித்து மறுபடி தூக்கினான், முகம் சிவந்ததுதான் மிச்சம். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் சேர்ந்துகொண்டபிறகுதான் ஏற்ற முடிந்தது. முள் ஏறி ஐம்பத்தெட்டில் நின்றது.

தர்மராஜ் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தான். முள் அசையவில்லை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார், பிறகு யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டார். வெளியே வண்டி மாடுகள்கூடக் கழுத்து மணியை ஆட்டாமல் நின்றன.

“பாத்தியாடா” என்றார் கொளஞ்சி மகனிடம். “ஒண்ணும் எங்கயும் போவல. எல்லாம் உள்ளதான் இருக்கு. போ, கையெழுத்தப் போடு, வண்டி நிக்குது.”

பூமாலை போய்ப் போட்டான். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் கொளஞ்சி அவன் முழங்காலுக்கு வந்தார். ஈரவயலில் அவர் நடந்தால் உள்ளங்கை அகலப் பாதம் கணுக்கால் ஆழம் பதிந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தால், சீட்டில் உட்கார்ந்து காட்டி முழு டிக்கெட் கேட்டு வாங்கினார். சீட்டு கிறீச்சிட்டது. அவரோடு பேசக் குனிந்து குனிந்து பூமாலைக்குத்தான் முதுகுவலி நிரந்தரமாயிற்று.

எண்பத்தாறாம் வருஷம் பூமாலையின் மகள் அம்சவள்ளியைப் பள்ளியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் ராசாங்கத்துக்கு விஷயம் தெரியும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை அப்பா பெயரை ஆங்கிலத்தில் முழுசாக எழுதிவிட்டு அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம், வம்பே வேண்டாம் என்றார். பூமாலை தன் முழங்காலருகே அண்ணாந்து நின்ற அப்பாவைப் பார்த்தான்.

“எழுத்து மட்டும் போதும் சார்” என்றான்.

ராசாங்கம் பொன்னாயியைப் பார்த்தார். “அவுரு சொன்னா சரிதாங்க. பேண்ட்ட நாந்தான தைக்கணும்” என்றாள் அவள். ராசாங்கம் ‘பி’ என்று எழுதி, காலடியில் ஒரு புள்ளி வைத்தார்.

அம்சவள்ளி தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழகி, நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு எழுதி முடித்தபோது தீபாவளி வந்திருந்தது. பூமாலையின் பேண்ட் தரையைக் கூட்டியது. கொளஞ்சி அதைப் பார்த்துச் சிரித்தார். “வா, வா. இங்க வெயில் கம்மி” என்றார். பொன்னாயி ஊசியில் நூல் கோத்தாள். துணியை வெட்டவில்லை; அப்படியே உள்ளே மடித்து வைத்துத் தைத்தாள்.